43 வயதில் வெளிநாட்டு பிஆருக்கு (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) அப்ளை பண்ணலாமா? மனைவி நர்ஸ், அம்மாவுக்கு 71

பெண்ணைக்கரை:

வணக்கம். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் தூங்கியபிறகு போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு 43, பங்குனி வந்தால் 44. ஊர் கடலூர். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு 19 வருடமாக சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் மெயின்டனன்ஸ், இப்போது ஷிப்ட் சூப்பர்வைசர். மனைவிக்கு 39, பி.எஸ்சி. நர்சிங், பாண்டியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐசியூ, 16 வருட சர்வீஸ். தினமும் பஸ்தான், முள்ளோடை, தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நின்று நின்று போய் ஒரு மணி நேரம். பெண் ஒன்பதாவது, பையன் ஐந்தாவது. அம்மா எங்களோடுதான் இருக்கிறார், சுகர் உண்டு, மற்றபடி நடமாட்டம் நன்றாக இருக்கிறது. கூடப்பிறந்தது ஒரே அக்கா, பண்ருட்டியில்.

இருபது வயதில் வராத வெளிநாட்டு ஆசை இப்போது ஏன் என்று கேட்பீர்கள். வீடு தென்பெண்ணை பக்கம். 2021 நவம்பரில் தண்ணீர் வாசல் வரை வந்தது. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலுக்கு அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் ஆற்றில் வந்தபோது வீட்டுக்குள் முழங்கால் அளவு. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த என் மார்க் ஷீட், பத்திர ஜெராக்ஸ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஊறிப்போய், வெயில் வந்ததும் மொட்டை மாடியில் ஒவ்வொன்றாகப் பரப்பி மேலே கல் வைத்துக் காயவைத்தோம். அன்றைக்கு உட்கார்ந்துகொண்டு யோசித்ததுதான். இன்னும் 15 வருடத்தில் 58, அப்புறம் இதே வீட்டில் இதே தண்ணீரா என்று.

சென்னையில் ஒரு ஏஜென்ட்டைப் பார்த்தேன். ஆஸ்திரேலியாவுக்கு 45தான் கடைசி, உடனே கட்டுங்கள், மொத்தம் மூன்றரை லட்சம் என்றார்கள். பயத்தில் பதிவுக் கட்டணம் என்று 25 ஆயிரம் கட்டிவிட்டேன். மூன்று வாரம் கழித்து இரண்டு பக்க ரிப்போர்ட் வந்தது, அதில் என் பெயரே தப்பு. பாயிண்ட் குறைவாக இருக்கிறது, தபாலில் ஒரு டிகிரி சேருங்கள், அதற்கும் நாங்களே ஏற்பாடு செய்கிறோம் என்கிறார்கள். டிகிரி முடிக்க மூன்று வருடம், அதற்குள் 45 தாண்டிவிடுமே என்று கேட்டால் பதில் இல்லை.

இன்னொன்று. மனைவியின் அம்மா வழித் தாத்தா பாண்டிக்காரர், பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்தவர். அந்தக் காகிதத்தைத் தேடினால் பிரான்ஸ் குடியுரிமையே கிடைக்கும் என்று சொந்தத்தில் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

கேள்வி இதுதான்: எனக்கு 43 லேட்டா? எந்த நாடு? அம்மாவை என்ன செய்வது?

முத்தியால்பேட்டை:

அண்ணா, நான் பாண்டி முத்தியால்பேட்டை. இப்போது கனடாவில் நியூ பிரன்ஸ்விக் மாநிலம், மாங்டன். நானும் நர்ஸ். வந்தபோது எனக்கு 38, என் வீட்டுக்காரருக்கு 42. அதனால் உங்கள் கேள்வியை நீங்கள் எழுதியவிதம் எனக்கு உடனே புரிந்துவிட்டது, அவரும் இப்படித்தான் எழுதியிருப்பார். உங்களுக்கு லேட்டா என்பதை விடுங்கள். விண்ணப்பதாரர் நீங்களே இல்லை, அண்ணி.

கணக்கு போட்டுக் காட்டுகிறேன். கனடாவில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்று பாயிண்ட் போட்டு பிஆருக்கு ஆள் எடுக்கும் முறை இருக்கிறது. அதில் கணவன் மனைவி சேர்ந்து போனால் வயதுக்கு அதிகபட்சம் 100 பாயிண்ட். அது 29 வரைக்கும். 30க்கு மேல் வருடத்துக்கு 5 குறையும், 40 தாண்டினால் வருடத்துக்கு 10. நீங்கள் மெயின் ஆளாகப் போட்டால் 43க்கு 15தான், பங்குனியில் 5, அதற்கடுத்த வருடம் பூஜ்யம். அண்ணி போட்டால் 39க்கு 50. நாளைக்கே 40 ஆனாலும் 45. டிகிரிக்கு 112. ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சையில் லிசனிங் 8, மற்ற மூன்றிலும் 7 வாங்கினால் 116, அதோடு டிகிரியும் அனுபவமும் சேர்ந்து இன்னொரு 75. உங்கள் டிப்ளமோவுக்கும் நீங்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ்ஸுக்கும் ஒரு 15லிருந்து 20. ஆக 370 பக்கம் வரும்.

370 போதாது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் சுகாதாரப் பிரிவுக்குத் தனியாக நடந்த டிராவில், அதாவது பாயிண்ட் வரிசையில் ஆள் கூப்பிடும் சுற்றில், கட்ஆஃப் 470. ஆனால் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு என்று ஒரு பிரிவு இருக்கிறது, அதில் 2025 மார்ச் 21 அன்று 379க்கே கூப்பிட்டார்கள். எப்போதும் அவ்வளவு கீழே இறங்காது, அந்த மாதமே முதலில் நடந்த டிராவில் 410. பிரெஞ்சில் நான்கு பிரிவிலும் கனடா அளவுகோலில் ஏழாவது லெவல் வாங்கினால் பிரெஞ்சுக்கு மட்டும் 62 பாயிண்ட் ஏறும், 370 என்பது 430 ஆகிவிடும். நான் இந்த வழியில்தான் வந்தேன்.

ஆனால் அது விளையாட்டு இல்லை. பாண்டியில் நாம் எல்லோரும் பிளஸ் டூவில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்தவர்கள், நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிவிட்டு ஒரு காபி கேட்கத் தெரியாது. நான் சஃப்ரேன் வீதி அலியான்ஸ் பிரான்சேஸில் சேர்ந்து, நைட் டியூட்டி முடித்துவிட்டு அப்படியே கிளாசுக்குப் போய் தூங்கி வழிந்து, ஏழாவது லெவல் தொட 19 மாதம் ஆனது. அண்ணிக்குப் பள்ளியில் பிரெஞ்சு இல்லை என்றால் இன்னும் கூட ஆகும். தினமும் கடலூர் பஸ்ஸும் ஏறி ஐசியூவும் பார்த்து இதையும் அவர் படிக்க வேண்டும். அதனால் முதலில் அவரிடம் கேளுங்கள். உங்கள் பதிவு முழுவதும் "நான்" என்றே இருக்கிறது, அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆஸ்திரேலியாவையும் அவர் பெயரில் போட்டுப் பார்க்கலாம். அங்கே அழைப்பு வரும் நாளில் 45 ஆகியிருக்கக் கூடாது, ஏஜென்ட் அதை மட்டும் சரியாகச் சொல்லியிருக்கிறார். 33லிருந்து 39 வரை வயதுக்கு 25 பாயிண்ட், 40 ஆனால் 15. டிகிரி 15, எட்டு வருடத்துக்கு மேல் அனுபவம் 15, ஐஇஎல்டிஎஸ் நான்கிலும் 7 என்றால் 10. அதுவே 65, குறைந்தபட்சத் தகுதி. நான்கிலும் 8 வாங்கினால் 75. ஆக அண்ணிக்கு நாற்பதாவது பிறந்தநாள் எப்போது என்று பாருங்கள். உங்கள் பங்குனி இல்லை, அவருடைய தேதிதான் முக்கியம்.

வந்தபிறகு எப்படி என்றால், எனக்கு இங்கே என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை எழுதி ரிஜிஸ்ட்ரேஷன் வாங்க 14 மாதம். அதுவரை முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. அவர் பாண்டியில் அக்கவுண்ட்ஸ் மேனேஜர், இங்கே முதல் வருடம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ராத்திரி பால் பாக்கெட் அடுக்கினார். அதுகூட அவருக்குக் கஷ்டமாக இல்லை. பேங்கில், ஸ்கூலில், எங்கே போனாலும் என் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள், இவர் கூட வந்தவர். அது அவருக்கு உறைத்தது. ஒருநாள் சாம்பாரைத் தாளித்துக்கொண்டே, "நான் இங்க உன் லக்கேஜ் மாதிரி வந்திருக்கேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அன்று ராத்திரி தூங்கவில்லை. இப்போது அவருக்கும் அக்கவுண்ட்ஸ் வேலையே கிடைத்துவிட்டது, ஆனால் மூன்று வருடம் ஆனது. மெயின்டனன்ஸ் ஆட்களுக்கு இங்கே கிராக்கி உண்டு, உங்களுக்கு அவ்வளவு ஆகாது என்று நினைக்கிறேன். இருந்தாலும் முதல் வருடம் சமையலும் பிள்ளைகளும் உங்கள் கையில்தான் இருக்கும், அதற்குத் தயாரா?

குருசுக்குப்பம்:

பிரான்ஸ் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்தவர்கள் வீடு, இந்தக் கதையை மாதம் ஒருமுறையாவது கேட்டுவிடுவேன்.

பாண்டிச்சேரி 1954 நவம்பர் 1 அன்று கைமாறினாலும் ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகத் தொடர்ந்தார்கள். பட்டாளத்தில் இருந்தவர் என்பதும், அந்த ஆறு மாதத்தில் கையெழுத்துப் போட்டவர் என்பதும் வேறு வேறு. போட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவருடைய பெண்ணும், அதாவது உங்கள் மாமியாரும், உங்கள் மனைவியும் இத்தனை வருடத்தில் ஒரு பிரெஞ்சுக் காகிதமாவது எடுத்திருக்கிறார்களா? கான்சுலேட்டில் பதிவு, பாஸ்போர்ட், ஓட்டு, ஏதாவது? இல்லை என்றால் அவர்கள் சட்டத்தில் 50 வருடக் கணக்கு ஒன்று இருக்கிறது. பரம்பரை பரம்பரையாக வெளிநாட்டிலேயே 50 வருடத்துக்கு மேல் இருந்து, பிரெஞ்சுக்காரராக ஒரு நாளும் நடந்துகொள்ளாமல் இருந்துவிட்டால், வம்சாவளியை வைத்து இனி நிரூபிக்கவே முடியாது. 1962ஓடு 50ஐக் கூட்டிப் பாருங்கள், 2012லேயே முடிந்த கதை.

மாமியார் பெயரில் பழைய பதிவு ஏதாவது கிடைத்தால் கதை வேறு, மரீன் வீதி கான்சுலேட்டில் போய்க் கேளுங்கள். கிடைக்காவிட்டால் இதற்காக எந்த வக்கீலுக்கும் பணம் கட்டாதீர்கள். வேலை விசாவில் பிரான்சுக்குப் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். போகலாம், ஆனால் 2026 ஜனவரியிலிருந்து பத்து வருட ரெசிடன்ஸ் கார்டுக்கே பி1 என்ற நடுத்தர லெவல் பிரெஞ்சு கேட்கிறார்கள், குடியுரிமைக்கு அதற்கும் ஒரு படி மேல், பி2. அந்த அளவுக்குப் படிக்கிற உழைப்பை முத்தியால்பேட்டைத் தங்கச்சி சொன்ன இடத்தில் போட்டால் முதல் நாளே பிஆரோடு இறங்கலாம்.

புதுப்பாளையம்:

தம்பி, நான் உங்கள் ஊர்தான், போய்த் திரும்பி வந்தவன். அதனால் என் பேச்சைக் கொஞ்சம் உப்பு சேர்த்தே கேளுங்கள், திரும்பி வந்தவனுக்கு ஒரு குறை இருக்கும்.

2016இல் போனேன், 42 வயது. கனடாவில் பிராம்டனில் ஒரு குடோனில் மூன்று குளிர்காலம். மைனஸ் 22இல் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது மூக்குக்குள் இருக்கிற முடி விறைத்துக்கொள்ளும், அதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை! வேலை, குளிர் எல்லாம் பழகிவிட்டது. 2019 கடைசியில் அப்பாவுக்கு ஸ்ட்ரோக். வந்தேன், அடுத்து கொரோனா, அப்புறம் அப்பா படுக்கையில் இரண்டரை வருடம். கனடா பிஆர் கையில் இருக்க வேண்டும் என்றால் ஐந்து வருடத்தில் 730 நாள் அங்கே இருந்தாக வேண்டும். தனிப்பட்ட காரணங்களைப் பரிசீலிப்பார்கள்தான், ஆனால் எனக்குத் திரும்ப ஓடிப்போய் நிற்கிற தெம்பு இல்லை, விட்டுவிட்டேன்.

அம்மா விஷயம் நீங்கள் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், நான் முதலில் எழுதுவேன். அம்மா அப்பாவுக்கு பிஆர் ஸ்பான்சர் செய்யும் திட்டம் இருக்கிறது, ஆனால் 2020இல் பெயர் கொடுத்தவர்களிலிருந்துதான் வருடா வருடம் எடுத்தார்கள், புதிதாகப் பெயர் கொடுக்கவே வழி திறக்கவில்லை. அதை நம்ப வேண்டாம். சூப்பர் விசா என்று ஒன்று உண்டு, ஒருமுறை நுழைந்தால் 5 வருடம் வரை இருக்கலாம். அதற்கு குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும், 71 வயது, சுகர் என்றால் பிரீமியம் கடிக்கும். உங்கள் அக்காவிடம் இப்போதே வெளிப்படையாகப் பேசுங்கள். மாதம் இவ்வளவு அனுப்புகிறேன், ஆள் போட்டுக்கொள், அவசரத்துக்கு நான் வந்துவிடுவேன் என்று ஒரு கணக்கு இருக்கட்டும். "பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனால் எல்லாம் ராத்திரி இரண்டு மணி போன் காலாகத்தான் வரும்.

பணம். நான்கு பேர் குடும்பத்துக்கு வங்கியில் காட்ட வேண்டிய தொகை 2025 ஜூலையில் 28 ஆயிரம் கனடா டாலருக்கு மேல் போய்விட்டது, வருடா வருடம் ஏறும். ரூபாயில் 17, 18 லட்சம். அது உங்கள் பணமாக இருக்க வேண்டும், கடன் வாங்கிக் காட்டக் கூடாது. விண்ணப்பக் கட்டணம் 2024 ஏப்ரல் ரேட்டில் பெரியவர்கள் தலைக்கு 1,525 டாலர், பிள்ளைக்கு 260. இதற்கு மேல் மெடிக்கல், சர்டிபிகேட் மதிப்பீடு, டிக்கெட். வீட்டை விற்காதீர்கள், ஆற்றங்கரை வீடு என்றாலும் விற்காதீர்கள். எனக்குத் திரும்பி வர ஒரு கூரை இருந்தது.

அப்புறம் பென்ஷன். நடு வயதில் போகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. அங்கே 65க்கு மேல் தரும் முதியோர் பென்ஷனுக்கு முழுத் தொகை வேண்டுமானால் 40 வருடம் அந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும், குறைந்தது 10 வருடம். நீங்கள் 45இல் இறங்கினால் 65க்கு 20 வருடம், பாதிதான் வரும். இங்கே உங்கள் பிஎஃப் பென்ஷன் 10 வருட சர்வீஸ் தாண்டிவிட்டதால் 58க்கு அப்புறம் வரும், அதைத் தொடாதீர்கள். நான் அவசரத்தில் பிஎஃப் முழுவதையும் எடுத்து அங்கே வாடகைக்குக் கொடுத்தவன், இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

போகாதே என்று சொல்லவில்லை. என் பெண் அங்கே பன்னிரண்டாவது வரை படித்தாள், அங்கேயே இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். உங்கள் பெண் ஒன்பதாவது என்றால் பத்தாவது பரீட்சைக்காகக் காத்திருக்காதீர்கள், எவ்வளவு சீக்கிரம் போகிறாளோ அவ்வளவு நல்லது.

வில்லியனூர் ஜங்ஷன்:

ஏஜென்ட் பற்றி மட்டும். தபால் டிகிரிக்கு "ஏற்பாடு" என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும், அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். போலி சர்டிபிகேட் மாட்டினால் கனடாவில் ஐந்து வருடத் தடை, குடும்பம் மொத்தத்துக்கும் அடி. கனடா விண்ணப்பத்துக்குப் பணம் வாங்கி ஆலோசனை சொல்கிறவர் அங்கே லைசென்ஸ் உள்ளவராக இருக்க வேண்டும், 'காலேஜ் ஆஃப் இமிக்ரேஷன் அண்ட் சிட்டிசன்ஷிப் கன்சல்டன்ட்ஸ்' என்ற அமைப்பின் பதிவேட்டில் பெயரைப் போட்டால் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும், இலவசம். வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் என்றால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள், பதிவு பெற்றவர்கள் உங்களிடம் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் 30 ஆயிரமும் ஜிஎஸ்டியும்தான். இங்கிலாந்து கேர் விசா (முதியோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கானது) என்று யாராவது உங்கள் மனைவியிடம் வந்தால் விரட்டிவிடுங்கள், 2025 ஜூலை 22ஓடு வெளிநாட்டிலிருந்து புதிதாக கேர் வேலைக்கு எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இன்னும் அதைச் சொல்லிப் பாண்டியில் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நர்ஸ் என்றால் ஜெர்மனியும் ஒரு வழி, தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நர்சுகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறது.

அந்த 25 ஆயிரத்தை மறந்துவிடுங்கள். கேட்டுப்பாருங்கள், கிடைக்காது.

பெண்ணைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. முத்தியால்பேட்டைத் தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு முதலில் கோபம்தான் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். இரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை.

நேற்று அவளுக்கு ஆஃப். மதியம் சாப்பிட்டபிறகு போனைக் கொடுத்து, முழுவதையும் படி என்றேன். கால் நீட்டி உட்கார்ந்து மெதுவாகப் படித்தாள். லக்கேஜ் விஷயம் வந்த இடத்தில் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். படித்து முடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், பீரோ மேல்தட்டில் கூரைப்புடவைக்கு அடியிலிருந்து ஒரு பழுப்புக் கவர் எடுத்துவந்து வைத்தாள். கிண்டி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்து டிரான்ஸ்கிரிப்ட், அவளுடைய நர்சிங் மார்க் பட்டியல். ஓரத்தில் சீல், 2022 தேதி. அவளோடு வேலை செய்த இரண்டு பேர் அயர்லாந்து போனபோது அவளும் சென்னைக்குப் போய்க் கட்டணம் கட்டி வாங்கி வைத்திருக்கிறாள். என் காகிதமெல்லாம் தண்ணீரில் ஊறிய அன்றைக்கு இது மேலே காய்ந்தபடியே இருந்திருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க எப்ப கேட்டீங்க?" என்றாள்.

பிறந்தநாள் ஆகஸ்டில், ஆக ஆஸ்திரேலியா கணக்குக்கு நாள் இருக்கிறது, ஆனால் அதிகம் இல்லை. ஐஇஎல்டிஎஸ் இருவரும் எழுதுகிறோம், முதலில் அவள், அப்புறம் நான். பிரெஞ்சு பற்றிக் கேட்டதற்கு, முதலில் இங்கிலீஷ் ஸ்கோர் வரட்டும், ஐசியூவில் நாலு பேரைத் தூக்கிப் புரட்டிவிட்டு வந்து கிளாசில் உட்கார முடியுமா என்று அப்போது சொல்கிறேன் என்கிறாள். சமையல் நான் பழக வேண்டும் என்று பையன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். நேற்று ராத்திரி ரசம் வைத்தேன், புளி தூக்கலாகிவிட்டது.

அக்காவிடம் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேசுகிறோம். அம்மா திண்ணையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "அஞ்சு வருஷம்லாம் எனக்கு வேணாம், வெயில் காலத்துல வந்து புள்ளைங்கள பாத்துட்டு வந்துடறேன்" என்றார். அங்கே வெயில் காலம் எத்தனை மாதம் என்றும் கேட்டார், நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

தங்கச்சி, ஒரு சந்தேகம். 2022இல் வாங்கிய அந்தக் கவர் சீல் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. சர்டிபிகேட் மதிப்பீட்டுக்கு அதையே அனுப்பினால் எடுத்துக்கொள்வார்களா, அல்லது பல்கலைக்கழகத்திலிருந்து நேராகப் போக வேண்டுமா? அதற்காக மறுபடியும் கிண்டி போக வேண்டும் என்றால் அடுத்த ஆஃப் அன்றைக்கே நானும் கூடப் போய்விடுகிறேன்.